டெக்சாஸ்: ஆஸ்பத்திரி பாக்கிக்குக் கோர்ட் சம்மன் வந்திருக்கிறது, என்ன செய்யலாம்?

பிளேனோவாசி:
2 வருடத்துக்கு முந்தைய எமர்ஜென்சி பில். 6,840 டாலர் பாக்கி என்று, கடனை விலைக்கு வாங்கிய ஒரு கம்பெனி ஜஸ்டிஸ் கோர்ட்டில் (சிறு தொகை வழக்குகளைப் பார்க்கும் கோர்ட்) வழக்குப் போட்டிருக்கிறது. சம்மன் கைக்கு வந்து 5 நாள் ஆகிறது. இன்ஷூரன்ஸ் எவ்வளவு கட்டியது என்றே தெரியவில்லை. கடனை நிரூபிக்கச் சொல்லிக் கடிதம் போட்டால் வழக்கு நின்றுவிடுமா?

வழக்குமன்றம்:
கடிதத்தை நம்பிக் கெடுவை விட்டுவிடாதீர்கள். நிறையப் பேர் தோற்பது இங்கேதான். வசூல்காரரின் முதல் நோட்டீஸ் கிடைத்து 30 நாளுக்குள் எழுத்தில் மறுத்தால், ஆதாரம் அனுப்பும்வரை அவர் வசூலை நிறுத்த வேண்டும். அது மத்திய சட்டம். ஆனால் கோர்ட்டுக்குப் பதில் தரும் கெடு அதனால் தள்ளிப்போகாது.

ஜஸ்டிஸ் கோர்ட்டில் சம்மன் கிடைத்த மறுநாளிலிருந்து எண்ணி 14ஆம் நாளுக்குள் ‘ஆன்சர்’, அதாவது எழுத்துப் பதில், போட வேண்டும். கட்டணம் இல்லை. வழக்கு எண், பெயர், முகவரி, போன் நம்பர், ‘வாதி சொல்வதை எல்லாம் மறுக்கிறேன்’ என்ற ஒரு வரி, கையெழுத்து: ஒரு பக்கம் போதும். டெக்சாஸ் லா ஹெல்ப் தளத்தில் இலவசப் படிவம் இருக்கிறது. நகலை வாதியின் வக்கீலுக்கும் அனுப்பி, அனுப்பியதற்கு அத்தாட்சி வைத்துக்கொள்ளுங்கள். வக்கீல் ஆபீஸில் போனில் தவணை பேசுவது ஆன்சர் ஆகாது. பேசிவிட்டுச் சும்மா இருந்தால், பேப்பரை வைத்தே உங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கிவிடுவார்கள்.

கணக்குப்பிள்ளை:
ஆன்சர் போட்டபின் கேட்க வேண்டியது: கடன் இவர்களுக்கு எப்படி வந்தது? விற்பனைப் பத்திரம் பெரும்பாலும் மொத்தமாக எழுதப்பட்டிருக்கும். உங்கள் கணக்கு எண் உள்ள பட்டியல் அதோடு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதுதான் உங்கள் வலுவான வாதம். ஆவணங்களை நேரே வாதியிடம் கேட்டால் செல்லாது. இந்தக் கோர்ட்டில் முதலில் நீதிபதியிடம் எழுத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். வழக்குப் போடுவதற்கான காலாவதி 4 வருடம் என்பதால் அந்த வாதம் உங்களுக்கு உதவாது.

பில்_பார்ப்பவர்:
இன்ஷூரன்ஸின் இஓபி தாளை (அவர்கள் எவ்வளவு கட்டினார்கள், உங்கள் பங்கு எவ்வளவு என்று காட்டும் தாள்) இன்றே இறக்கி, ‘நோயாளி பொறுப்பு’ என்ற தொகையை வழக்குத் தொகையோடு ஒப்பிடுங்கள். 2022 ஜனவரி முதல் ஒரு மத்திய சட்டப்படி, நெட்வொர்க்குக்கு (இன்ஷூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கு) வெளியே எமர்ஜென்சி சிகிச்சை என்று சொல்லி மிச்சத்தை உங்கள் தலையில் கட்ட முடியாது. தரைவழி ஆம்புலன்ஸ் இந்த மத்திய சட்டத்தில் வராது.

2023 செப்டம்பர் முதல் டெக்சாஸில் ஆஸ்பத்திரி தலைப்புவாரியாகப் பில் தராமல் வசூலில் இறங்கக் கூடாது. கடனை விலைக்கு வாங்கியவர் ஆஸ்பத்திரிக்கு இருந்த உரிமையைத்தான் வாங்குகிறார், அதற்கு எதிரான வாதமும் கூடவே வரும்.

லாபநோக்கமற்ற ஆஸ்பத்திரியா என்றும் பாருங்கள். ஆம் என்றால், முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை, பில்லைக் குறைக்கக் கேட்கும் நிதி உதவி மனுவை ஆஸ்பத்திரி வாங்க வேண்டும். 120 நாளுக்கு முன் வழக்கோ, பொதுவாகக் கடன் விற்பனையோ கூடாது. உதவித் திட்டம் பற்றி எழுத்தில் சொல்லவே இல்லையென்றால் அந்த 240 நாள் இன்னும் முடியாமல் இருக்கலாம். இது வரிச் சட்டம், பேரம் பேச நல்ல பிடி.

பிளேனோவாசி:
நன்றி. தோற்றால் சம்பளத்தில் பிடிப்பார்களா?

வழக்குமன்றம்:
டெக்சாஸில் இந்த மாதிரிக் கடனுக்குச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. ஆனால் பாங்க் கணக்கில் விழுந்துவிட்டால் அந்தப் பணத்தை முடக்கலாம், தீர்ப்பு 10 வருடம் உயிரோடிருக்கும். சமரசம் பேசினால் ‘வித் ப்ரெஜுடிஸ்’ (மறுபடி போட முடியாதபடி) என்று வழக்கைத் தள்ளுபடி செய்வதாக எழுத்தில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். அந்தச் சொல் இல்லாவிட்டால் அதே கடனுக்கு மறுபடி வழக்குப் போட வழி இருக்கும்.