வகுப்புக் குழுவில் வரும் கற்றல் அறிவித்தலும் வீட்டு வாசிப்பும்: உங்கள் அனுபவம் என்ன?

களுவாஞ்சிகுடி அம்மா

மகள் தரம் 2 இல் படிக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் வகுப்பாசிரியை வட்ஸ்அப் குழுவில் அந்த வாரப் பாடங்களை அனுப்பி, கடைசி வரியில் "பெற்றோர் வீட்டில் வாசிப்புக்கு உதவவும்" என்று எழுதுவார். இது உங்களுக்கெல்லாம் பழகிய விடயம். சென்ற தவணையில் வந்த ஓர் அறிவித்தலில், ஒகர, ஓகார வரிசைகள் முடிந்துவிட்டதாகவும், பிள்ளைகள் பாடத்தைச் சரளமாக வாசிப்பதாகவும் இருந்தது. அன்றிரவு மகள் அந்தப் பாடத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, மிக அழகாக வாசித்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றுவிட்டது. மெழுகுதிரி தேடி நான் எழுந்தேன். அவளுடைய குரல் நிற்கவில்லை. கும்மிருட்டில், அதே ஏற்ற இறக்கத்துடன் கடைசி வரி வரை சொல்லி, "முடிஞ்சிட்டு அம்மா" என்றாள்.

பின்னர் அந்தப் பாடத்தில் வரும் "கொடி" என்ற சொல்லை ஒரு தாளில் தனியாக எழுதிக் காட்டினேன். அவள் தாளைத் திருப்பிப் படம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஆசிரியை பொய் எழுதவில்லை. வகுப்பில் என்ன கற்பிக்கப்பட்டது என்பதை அவர் சரியாகவே எழுதியிருந்தார். என் பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறாள் என்பதற்கு அந்த அறிவித்தலில் இடமே இல்லை. நாற்பது பெற்றோர் இருக்கும் குழுவில் அதைக் கேட்கவும் மனம் வரவில்லை. மற்றவர்கள் இதை எப்படி அறிந்துகொண்டீர்கள்?

கொக்கட்டிச்சோலைச் சித்தி

எங்கள் வீட்டில் அறிவித்தல் முதலில் குவைத்துக்குப் போகிறது. அக்கா அங்கே வேலை செய்கிறார். குழுவில் இருப்பது அவருடைய இலக்கம். அவர் வேலை முடித்து எனக்கு அனுப்ப இரவாகிவிடும். அவருடைய மகன் தரம் 3 இல் படிக்கிறான். அவனை வைத்திருப்பவர் எங்கள் அம்மா. அம்மா பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை, கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம்தான் வைப்பார்.

ஒரு மாலை நான் போனபோது, அவன் பாயில் இருந்து ஒரு முயல் கதையை வாசிக்க, அம்மா வெற்றிலை இடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவன் ஒரு வரியை விட்டுவிட்டு வாசித்தான். எழுத்தே தெரியாத அம்மா உரலை நிறுத்தி, "முயல் எப்ப மனே ஆத்தடிக்குப் போனது?" என்று கேட்டார். அவன் பக்கத்தில் விரலை மேலே கொண்டுபோய், விட்ட வரியைத் தேடிப் பிடித்து வாசித்தான். அம்மா "மறுகா?" (பிறகு?) என்றார். அவன் தொடர்ந்தான். ஒவ்வொரு பந்தி முடிவிலும் அந்த "மறுகா?" வந்துகொண்டே இருந்தது.

அந்தத் தவணை முன்னேற்ற அறிக்கையின் குறிப்புப் பகுதியில் "வீட்டில் கற்றலுக்கு ஆதரவு இல்லை" என்று எழுதப்பட்டிருந்தது. அதைப் பெருவிரல் வைத்துப் பெற்றுக்கொண்டு வந்தவர் அம்மாதான். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டார். நான் இன்றுவரை சொல்லவில்லை.

இளைப்பாறிய ஆசிரியர், அக்கரைப்பற்று

களுவாஞ்சிகுடி அம்மாவுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை மனனமாகச் சொன்னதைக் குறையாக எண்ண வேண்டாம். தரம் 1, 2 ஆகிய முதலாம் முதன்மை நிலையில் பல பிள்ளைகள் அந்த வழியாகவே வாசிப்புக்குள் நுழைகிறார்கள். எழுத்து வடிவில் ஒரு வாக்கியம் எப்படி ஓடும் என்பது அந்தப் பிள்ளையின் காதில் ஏறிவிட்டது. அது சிறிய பேறு அல்ல. என்னிடம் முன்பு படித்த ஒரு கடற்கரைச் சிறுவன் பாடநூலில் ஒரு சொல்லையும் வாசிக்கமாட்டான்; ஒரு நாள் வகுப்பு முற்றத்து மணலில் தன் தகப்பனுடைய தோணியின் பெயரைப் பிழையின்றி எழுதி வைத்திருந்தான். அன்று முதல் அந்தப் பெயரில் இருந்த எழுத்துகளை வைத்தே அவனுக்கு மற்றச் சொற்களைக் கற்பித்தேன்.

ஒகர வரிசையில் பிள்ளை தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. எ, ஏ, ஐ வரிசைகளில் உயிர்க்குறி மெய்யின் ஒலிக்குப் பின்னால் ஒலித்தாலும் முன்னால் எழுதப்படுகிறது. ஒ, ஓ வரிசைகளில் கொம்பு ஒரு பக்கமும் அரவு ("கா" என்பதில் வரும் கால்) மறு பக்கமுமாக நிற்கின்றன. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கும் பிள்ளை கொம்பைக் கண்டதும் "கெ" என்று தொடங்கி, அரவைக் கண்டதும் திகைத்து நின்றுவிடுகிறது. எனவே "கொ" என்பதை மூன்று துண்டாகச் சொல்லிக்கொடுக்காமல், "கெடு, கொடு", "கேள், கோள்" என இரண்டிரண்டு சொற்களாக அருகருகே எழுதி, எங்கே வடிவம் மாறுகிறது என்று பிள்ளையையே காட்டச் சொல்லுங்கள். பாடத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னால் மனனம் முந்திக்கொள்ளும். கடைசி வரியில் தொடங்கி மேலே வரச் சொன்னால் கண் வேலை செய்யும். பிள்ளை வாயால் சொல்லும் ஒரு வாக்கியத்தை, உதாரணமாகச் சந்தைக்குப் போய் வந்ததை, நீங்கள் எழுதிக்கொடுத்து மறுநாள் வாசிக்கச் சொல்லுங்கள். ல, ள, ழ வேறுபாட்டையும் ர, ற வேறுபாட்டையும் இந்த வயதில் வாசிப்பை நிறுத்தித் திருத்த வேண்டாம். நம்முடைய பேச்சிலேயே அவை பலவேளை ஒன்றாகின்றன. அதை எழுத்து வேலையின்போது பார்த்துக்கொள்ளலாம். தரம் 5 புலமைப்பரிசிலுக்கென்று இப்போதே பயிற்சித்தாள் வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும், ஆனால் அதை ஒரே நேரத்தில், தவறாமல் செய்ய வேண்டும்.

நிந்தவூர் வாப்பா

ஆசிரியர் அவர்கள் சொன்னவற்றில் பல பயனுள்ளவை. ஆனால் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. நான் கடற்தொழில் செய்கிறேன். பிள்ளை படிக்க உட்காரும் நேரத்தில் நான் சில நாள் கடலில் இருப்பேன், சில நாள் உறங்குவேன்.

நான் எழுத வந்தது வேறொரு விடயத்தை. ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில், ஒவ்வொரு பிள்ளையும் வாசிப்பதை ஒலிப்பதிவு செய்து வகுப்புக் குழுவில் இடுமாறு அறிவித்தல் வந்தது. மகன் மெதுவாக வாசிப்பவன். பெரிய முயற்சி எடுத்து அரைப் பக்கம் வாசித்தான், நானும் மகிழ்ச்சியுடன் அனுப்பினேன். அதன் கீழே யாரோ ஒரு பெற்றோர் சிரிக்கும் முகம் ஒன்றை இட்டிருந்தார். பிழையாக விரல் பட்டிருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அதை முதலில் பார்த்தவன் மகன். கைபேசி அவன் கையில் இருந்தது. "வாப்பா, இதை அழிக்க ஏலாதா?" என்று கேட்டான். அழித்தேன். அதற்குள் அடுத்த பிள்ளைகளின் பதிவுகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அத்தனையையும் அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான்.

அதன் பிறகு எங்கள் யார் முன்னிலையிலும் சத்தமாக வாசிக்கவில்லை. இப்போது தங்கைக்கு மட்டும் வாசிக்கிறான். அவளுக்கு மூன்று வயது, எழுத்து தெரியாது, சிரிக்கவும் மாட்டாள். கொக்கட்டிச்சோலைச் சகோதரியின் தாயாரைப் பற்றி வாசித்தபோது இதுதான் நினைவுக்கு வந்தது. பிள்ளைக்குத் திருத்துபவரை விடக் கேட்பவர்தான் முதலில் தேவை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இளைப்பாறிய ஆசிரியர், அக்கரைப்பற்று

நிந்தவூர் சகோதரர் சொல்வது நியாயம். ஒரு பிள்ளையின் குரல் பொதுக் குழுவுக்குப் போகக்கூடாது. ஆனால் திருத்துவது தேவையில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். பிழையான வடிவம் கண்ணில் படிந்துவிட்டால் அதை எடுப்பது கடினம். பிள்ளையின் நிலையை ஆசிரியர்கள் அறியாமல் இல்லை. அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை, அதாவது ஒவ்வொரு பிள்ளையும் கட்டாயம் பெற வேண்டிய அடிப்படைத் திறன்களை, எந்தப் பிள்ளை அடைந்தது, எது அடையவில்லை என்று ஒவ்வொரு பெயருக்கும் பதிய வேண்டியது வகுப்பாசிரியரின் கடமை. குழுவில் கேட்காமல், பிள்ளையின் கொப்பியில் ஒரு வரி எழுதி அனுப்பிக் கேளுங்கள்.

களுவாஞ்சிகுடி அம்மா

ஆசிரியர் சொன்னபடி கொப்பியில் எழுதி அனுப்பினேன். "ஆ, இ, உ வரிசைகள் நன்று. கொம்பு வரும் எழுத்துகளில் தடுமாறுகிறார். வகுப்பிலும் தனியாகப் பார்க்கிறேன்" என்று ஆசிரியை அன்றைக்கே பதில் எழுதியிருந்தார். வாராந்த அறிவித்தல்கள் எல்லாவற்றையும் விட எனக்கு இந்த மூன்று வசனங்கள் உதவின. "கெடு, கொடு" இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது.

கொக்கட்டிச்சோலைத் தங்கச்சி, அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு நீங்களும் அம்மாவுடன் போங்கள். அந்த முயல் கதையையும் அவர் கேட்ட கேள்வியையும் வகுப்பாசிரியரிடம் சொல்லி, அறிக்கையில் உள்ள குறிப்பை மாற்றி எழுதித் தருமாறு கேளுங்கள்.