ட்ரியானாவின் 'எல் பாட்டியோ': தாளம் பிடிபடவில்லை, எப்படிக் கேட்பது?

நடுநிசி:
எழுபதுகளின் ப்ராக்ரெசிவ் ராக் ஆல்பங்களைத் தேடிக் கேட்டு வருகிறேன். ஸ்பெயினிலிருந்து ட்ரியானா என்ற குழுவை ஒருவர் சொன்னார். அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கு ஓர் இடத்தில் 'ட்ரியானா' என்றும் இன்னோர் இடத்தில் 'எல் பாட்டியோ' என்றும் பெயர் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானா? முதல் பாட்டே பத்து நிமிடத்தைத் தொடுகிறது. கீபோர்டும் குரலும் ரொம்பப் பிடித்துவிட்டன. ஆனால் தாளம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. ஸ்பானிஷும் தெரியாது.

பழையதட்டு:
இரண்டும் ஒன்றுதான். 1975-இல் வெளிவந்தபோது குழுவின் பெயர் மட்டும்தான். அட்டையில் இருக்கும் முற்றத்தை வைத்து 'எல் பாட்டியோ' (ஸ்பானிஷில் 'முற்றம்') என்று நிலைத்துவிட்டது. அந்த ஓவியம் மாக்சிமோ மொரேனோ வரைந்தது.

ஆற்றுக்கு அக்கரை:
நடுநிசி, நான்கு நான்காக எண்ணினால் இந்த ஆல்பத்தில் பல இடங்களில் இடறும். 'ரெகுவெர்தோஸ் தெ உனா நோச்சே'யிலிருந்து தொடங்குங்கள். அது புலெரியா என்று தலைப்போடேயே போட்டிருக்கிறார்கள். தெற்கு ஸ்பெயினின் பாரம்பரிய இசையான ஃபிளமெங்கோவில் புலெரியா பன்னிரண்டு எண்ணிக்கைச் சுற்று. வழக்கமாக அழுத்தம் 3, 6, 8, 10, 12-இல் விழும். முதல் பாதி மும்மூன்றாகவும் மறுபாதி இரண்டிரண்டாகவும் நகரும். முதலில் பாட்டில்லாமல் கையால் தட்டிப் பழகுங்கள், அப்புறம் பாட்டைப் போடுங்கள்.

நான் சில காலம் ஸ்பெயினின் செவிய்யா (செவில்) நகரத்தில் வேலை பார்த்தேன். குவாதல்கிவிர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பேட்டைதான் ட்ரியானா. குழுவுக்குப் பெயர் கொடுத்தது அதுதான். அங்கே ஒரு மதுக்கடையில் பெரியவர் ஒருவர் விரல்களை மடக்கி மேசையில் இந்தச் சுற்றைத் தட்டிக்கொண்டே பேசுவார், பேச்சும் தடைப்படாது, தாளமும் தப்பாது. எனக்கு எண்ணக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

ராக் இசையின் மேல் ஃபிளமெங்கோ கிடாரை ஒட்டிவைத்த ஆல்பம் என்று சிலர் எழுதுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ரொத்ரீகெஸ் ரொத்வாயின் கிடாரை எடுத்துவிட்டாலும் ஃபிளமெங்கோ அங்கேயே இருக்கும். 'டெலே' என்ற பலாசியோஸின் டிரம்ஸில் அது இருக்கிறது, பாடகர் ஹெசூஸ் தெ லா ரோசா ஓர் உயிரெழுத்தைப் பிடித்து வளைத்து இழுக்கும் விதத்தில் இருக்கிறது. மொழி தெரியாதவருக்கும் அந்தக் குரல் போய்ச் சேரும். 'என் எல் லாகோ'வை ஹெட்ஃபோனில் சத்தமாகக் கேளுங்கள். அவர் ஏறும் இடத்தில் கீபோர்டும் கூடவே ஏறும். எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

கடைசிப் பாட்டு 'தோதோ எஸ் தெ கோலோர்' இரண்டே நிமிடம். இதே பாட்டை லோலே ஈ மனுவேல் என்ற ஃபிளமெங்கோ ஜோடியும் அதே 1975-இல் பதிவு செய்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ட்ரியானா ராக்கிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள் என்பது விளங்கும்.

நடுநிசி:
தட்டிப் பார்த்தேன் அண்ணா! எட்டுக்கும் பத்துக்கும் நடுவில்தான் இத்தனை நாள் தவறிக்கொண்டிருந்தேன். அடுத்து எதைக் கேட்கலாம்?

பழையதட்டு:
ஸ்பெயினின் கொர்தோபா நகரத்து ராக் குழுவான மெதினா அசாஹாரா. கிடார் கனமாக இருக்கும், உங்களுக்குப் பிடிக்கும்.

ஆற்றுக்கு அக்கரை:
அதற்கு அவசரமில்லை தம்பி. முதலில் ட்ரியானாவின் இரண்டாவது ஆல்பம், 'ஈஹோஸ் தெல் அகோபியோ', 1977. முதல் ஆல்பம் வந்தபோது ஸ்பெயினின் சர்வாதிகாரி ஃபிராங்கோ உயிரோடு இருந்தார். அந்த ஆண்டு நவம்பரில்தான் இறந்தார். இரண்டாவதில் குழு நாட்டு நிலைமையை நேராகவே பாடுகிறது. 'ரூமோர்' பாட்டைக் கேளுங்கள். அதற்கப்புறம் 1979-இன் 'சோம்ப்ரா ஈ லூஸ்', மூன்றிலும் இருண்டது. 1983-இல் ஒரு கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில் ஹெசூஸ் கார் விபத்தில் இறந்துவிட்டார், முப்பத்தைந்து வயதுதான். இந்த மூன்று ஆல்பங்களையும் வந்த வரிசையிலேயே கேளுங்கள். பாட்டுகளைக் கலைத்துப் போட வேண்டாம்.