புது எல்பி வழுக்குகிறது, அவசர உதவி

அரூர்க்காரன்:
வணக்கம். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர் வுடி கத்ரியின் டஸ்ட் பவுல் பேலட்ஸ், மறுவெளியீடு எல்பி இசைத்தட்டு வாங்கினேன். நேற்றுதான் உறையைப் பிரித்தேன். முதல் பாட்டு பாதி தாண்டுவதற்குள் ஊசி வழுக்கி அடுத்த பாட்டுக்கு ஓடுகிறது. இல்லையென்றால் ஒரே வரியில் நின்று சுற்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் கேட்க வருகிறார்கள். தட்டைத் திருப்பி அனுப்பிவிடலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஓசூர் வால்வு:
என்ன பிளேயர்? ஊசி மாட்டும் தலை, அதாவது கார்ட்ரிட்ஜ், என்ன? ஊசி எத்தனை கிராம் அழுத்துகிறது? இதைச் சொல்லாமல் கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும்? இதற்கென்றே மேலே ஒரு பதிவை எழுதி வைத்திருக்கிறேன். படித்துவிட்டு வாருங்கள்.

மாங்கனி:
வெயில்தான். கூரியர் வண்டியில் கிடந்து தட்டு நெளிந்திருக்கும். சுற்றவிட்டு, விளிம்புக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள். ஊசிக் கை மேலும் கீழும் ஏறி இறங்கினால் நெளிவுதான்.

பர்கூர் கல்:
பிளேயரை எதன் மேல் வைத்திருக்கிறீர்கள்? எங்கள் வீடு நெடுஞ்சாலை ஓரம், லாரி போனாலே ஊசி குதிக்கும். ஒரு கிரானைட் பலகையை அடியில் போட்டு ரசமட்டம் வைத்துச் சமன் செய்தேன், நின்றுவிட்டது. நம் பக்கத்தில் துண்டுக்கல்லுக்கா பஞ்சம்?

பாலக்கோட்டான்:
லோ வோல்டேஜாக இருக்கும். ஸ்டெபிலைசர் போட்டுப் பாருங்கள்.

ஓசூர் வால்வு:
வோல்டேஜ் குறைந்தால் வேகம் தடுமாறலாம், குரல் இழுக்கலாம். ஊசி ஏன் வழுக்கப் போகிறது? தெரியாததைச் சொல்லிக் குழப்ப வேண்டாம்.

பென்னாகரம் தோழர்:
எனக்கு ஒரு கேள்வி. இந்தப் பாடல்கள் 1940ல் விக்டர் நிறுவனத்தில் 78 தட்டுகளாக, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய வகைத் தட்டுகளாக வந்தவை. மூன்று மூன்றாக ஆறு தட்டு. ஒரு பக்கத்தில் அடங்காததால் டாம் ஜோட் பாட்டை இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள். மழை பொய்த்து, மண் காற்றில் பறந்து, ஊரை விட்டு கலிபோர்னியாவுக்குப் பிழைக்கப் போனவர்களின் பாட்டு. நம் மாவட்டத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டிய பாட்டை இவ்வளவு விலைக்கு எல்பியில் போட்டால் யாருக்குப் போய்ச் சேரும்? நம் இயக்கப் பாடல்கள் கேசட்டில்தான் ஊர் ஊராகப் போயின.

மாங்கனி:
தோழர், அந்தக் கேசட்டுகள் இன்று எங்கே? எங்கள் வீட்டில் கலை இரவுப் பாடல்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. நாடா பூஞ்சை பிடித்து எல்லாம் போச்சு. எல்பியைச் சரியாக வைத்தால் பேரன் காலத்துக்கும் பாடும்.

பென்னாகரம் தோழர்:
பேரனுக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்க வேண்டாமா? கேசட் கெட்டதைச் சொல்கிறீர்கள். கெடுவதற்கு முன் அதை எத்தனை பேர் கேட்டார்கள், படி எடுத்து எத்தனை கை மாறியது என்பதையும் பாருங்கள்.

அரூர்க்காரன்:
தாத்தாவின் சூட்கேஸ் பிளேயர். எல்பிக்கான 33 வேகத்தில்தான் ஓடுகிறது. எடை போட என்னிடம் எதுவும் இல்லை. தட்டு நெளியவில்லை. தாத்தாவின் பழைய ரெக்கார்டுகள் இதில் நன்றாகப் பாடுகின்றன. அதனால்தான் தட்டில் கோளாறு என்கிறேன்.

மொரப்பூர் ரேடியோ:
தம்பி, தாத்தாவின் ரெக்கார்டுகள் கனமானவையா, கீழே விழுந்தால் ஓடுபோல் உடையக்கூடியவையா? அப்படியென்றால் அவை 78. ஊசித் தலைக்கு முன்னால் சின்னதாக ஒரு நெம்பு நீட்டிக்கொண்டிருக்கும், மொபைல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பக்கம் எல்பி, மறுபக்கம் 78 என்று போட்டிருக்கும். அதில் இரண்டு ஊசிகள். 78 ஊசியின் முனை எல்பி ஊசியைப் போல மூன்று மடங்கு தடிமன். எல்பியின் கோட்டுக்குள் அது இறங்கவே இறங்காது, மேலேயே சறுக்கும். வேகத்தை 33க்கு மாற்றினால் மட்டும் போதாது, அந்த நெம்பையும் திருப்ப வேண்டும். பார்க்கும்வரை அந்தத் தட்டைப் போடாதீர்கள், கோடு கெட்டுவிடும்.

ஓசூர் வால்வு:
பிளேயர் என்னவென்று முதல் பதிலிலேயே கேட்டேன். அப்போதே சொல்லியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

பர்கூர் கல்:
இருந்தாலும் அடியில் ஒரு கல் போடுவது நல்லது.

அரூர்க்காரன்:
78 பக்கம்தான் இருந்தது. திருப்பினேன், பாடுகிறது. முதல் பாட்டில் மட்டும் சரசரப்பு. நன்றி அண்ணா.

மொரப்பூர் ரேடியோ:
சந்தோஷம். மெல்லிய பிரஷ்ஷால் தட்டைத் துடைத்துப் பாருங்கள். தூசியாக இருந்தால் போகும், ஊசி கீறிய இடமென்றால் போகாது. இன்னொன்று, அந்தப் பெட்டியின் ஊசி நான்கைந்து கிராமுக்குக் குறையாமல் அழுத்தும். இன்றைய பிளேயர்களில் பெரும்பாலும் இரண்டு கிராம்தான். எல்பி பக்க ஊசி எத்தனை வருஷம் ஓடியதோ தெரியாது. ஞாயிறு முடிந்ததும் புது ஊசி வாங்கிவிடுங்கள்.

பென்னாகரம் தோழர்:
ஞாயிறு எத்தனை மணிக்குத் தம்பி? நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

மாங்கனி:
அரூர்க்காரரே, தோழர் கேட்கிறார் பாருங்கள்.