மறுமொழி: மெய்நிகர் பந்தயமா, நிகர்ச்சாலைப் பந்தயமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பின்சக்கரத்தைக் கழற்றி நிலையான பொறியொன்றில் பூட்டிய மிதிவண்டியை மிதித்தபடி, திரையில் விரியும் சாலையில் வேறு ஊர்களில் இருப்பவர்களோடு போட்டியிடும் விளையாட்டுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் குழுவில் இதுவரை மூன்று பெயர்கள் வந்துள்ளன: உள்ளரங்கு மிதிவண்டிப் பந்தயம், மின்மிதிவண்டிப் பந்தயம், மெய்நிகர் மிதிவண்டிப் பந்தயம். முதல் இரண்டையும் விலக்க நீண்ட வாதம் வேண்டியதில்லை. மிதிவண்டி விளையாட்டின் உலக அமைப்பான யூசிஐ, கலை மிதிவண்டியையும் மிதிவண்டிப் பந்தாட்டத்தையும் உள்ளரங்கு என்னும் பிரிவில் ஏற்கெனவே வைத்திருக்கிறது. மின்மிதிவண்டி என்றால் மோட்டார் பொருத்திய வண்டி என்றே எவரும் கொள்வர்.

எனக்குத் தயக்கம் மூன்றாவது பெயரில்தான். ‘மெய்நிகர்’ (virtual) என்னும் அடைமொழி அங்கே பந்தயத்தின் மேலேயே விழுகிறது. மிதிப்பவரின் உழைப்போ முழுக்க மெய்யானது. 300 வாட் என்று திரை காட்டினால், அந்த 300 வாட்டும் அவருடைய கால்களிலிருந்து வந்தாக வேண்டும். எதிர்க்காற்று உடலைக் குளிர்விக்காததால், மின்விசிறி இல்லாமல் ஒரு மணி நேரம் பந்தய வேகத்தில் மிதிப்பது வெளிச்சாலையைவிடக் கடினமாகவே இருக்கும். நிகராக்கப்பட்டது சாலை மட்டுமே; ஆகவே அடையும் சாலையோடுதான் சேர வேண்டும் என்பது என் கருத்து.

இதைச் சொல்லாராய்ச்சிக்காக மட்டும் சொல்லவில்லை. வெளிச்சாலைப் பந்தயத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலிருந்தே கிளைக்கின்றன. வெளிச்சாலையில் வேகம் தானாக நிகழ்கிறது, நாம் அதை அளக்கிறோம். திரைச்சாலையில் மிதிப்பவரின் திறன் (வாட் அளவு), எடை, உயரம், சாலையின் ஏற்றம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு மென்பொருள் வேகத்தைக் கணக்கிட்டுத் தருகிறது. மலைச்சாலையில் ஒருவர் தம் எடையைப் பொய்யாகச் சொன்னால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை; இங்கே ஐந்து கிலோவைக் குறைத்துப் பதிந்தாலே ஏற்றத்தில் முன்னால் போய்விடலாம். அதனால்தான் உயர்மட்டப் போட்டிகளில் எடை சரிபார்ப்பும், வாட்டை அளக்கும் இரண்டு திறன்மானிகளில் ஒரே நேரத்தில் பதிந்து ஒப்பிடும் வழக்கமும் வந்தன. இத்தகைய பந்தயங்கள் நடக்கும் ஸ்விஃப்ட் (Zwift) என்னும் மென்பொருள் தளத்தில் இன்னொரு விந்தையும் உண்டு. அதன் இயல்பு அமைப்பில் ஏற்றத்தின் பாதியளவே பொறியில் உணரப்படும், வேகக் கணக்கோ முழு ஏற்றத்தையும் எடுத்துக்கொள்ளும். கால் உணரும் சாலையும் கணக்கில் உள்ள சாலையும் வேறுவேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அடுத்தது, முன்னால் செல்பவரின் பின்னே காற்றுத்தடை குறைந்த இடத்தில் ஒட்டிச் செல்லும் உத்தி. ‘டிராஃப்ட்’ என்று வழங்கும் இதற்குக் ‘காற்றொதுங்கல்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். மழைக்கு ஒதுங்குவது போலவே இது காற்றுக்கு ஒதுங்குவது. வெளியே இதற்கு அடுத்தவர் சக்கரத்துக்குச் சில அங்குல நெருக்கத்தில் ஓட்டும் துணிவும், பிரேக்கைத் தொடும் விரலின் நுட்பமும் வேண்டும். திரையில் ஒருவர் உருவம் இன்னொருவர் உருவத்தை ஊடுருவிச் செல்லும், யாரும் விழுவதில்லை. எனவே வண்டியைக் கையாளும் திறமையின் பங்கு சுருங்கி, உடல் வலிமையின் பங்கு பெருகுகிறது. 2020 டிசம்பரில் யூசிஐ நடத்திய முதல் மின்விளையாட்டு (esports) உலகப் போட்டியில் ஆடவர் பட்டம் வென்ற ஜேசன் ஆஸ்போர்ன் அப்போது ஜெர்மனியின் துடுப்புப் படகு வீரராக இருந்தார் என்பது இதையே காட்டுவதாக நான் கருதுகிறேன். அதற்காக உத்தியே இல்லை என்று எண்ண வேண்டாம். கூட்டத்தைத் தவறவிட்டால் தனியே எட்டிப் பிடிப்பது அரிது என்பதால் தொடக்க நிமிடங்கள் கடுமையாக இருக்கும். சில விநாடிகளுக்கு எடையைக் குறைத்துக் கணக்கிடும் ‘இறகு’ போன்று பந்தயத்தின் இடையே மென்பொருள் தரும் சலுகைகளை எப்போது செலவிடுவது என்பதும் ஒரு கலைதான்.

சாலை மட்டுமா, வண்டியும் நிகர் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரிட்டனில் 2019இல் நடந்த முதல் தேசியப் போட்டியின் வெற்றியாளர், திரையில் ஓட்டிய வேகமான வண்டியைத் தாம் மிதித்து ஈட்டாமல் தானியங்கி நிரல் மூலம் பெற்றார் என்று பட்டத்தை இழந்தார். ஆனால் கலைச்சொல் எல்லாவற்றையும் சுமக்க முடியாது. சாலை என்ற சொல்லே மற்றவற்றையும் உணர்த்திவிடும்.

ஆகவே ‘நிகர்ச்சாலைப் பந்தயம்’ என்பதை முன்மொழிகிறேன். ‘நிகர்’ தனியே நின்றால் நிகர லாபத்தை நினைவூட்டும் என்போர் ‘மெய்நிகர்ச்சாலைப் பந்தயம்’ என்று முழுதாக எழுதலாம். எப்படி எழுதினாலும் ‘மெய்நிகர்’, ‘சாலை’ இரண்டையும் பிரிக்காமல் சேர்த்தே எழுத வேண்டும். பிரித்தால் அடை மறுபடியும் பந்தயத்துக்குத் தாவிவிடும்.

மிதிவண்டியைப் பூட்டும் பொறிக்கு வந்துள்ள ‘பயிற்சிப்பொறி’யைவிட ‘நிலைமிதி’ சுருக்கமானது. திறன்பேசியைப் (smartphone) பின்பற்றித் ‘திறன் நிலைமிதி’ (smart trainer) என்று சொல்வதில் மட்டும் ஒரு சிக்கல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வாட்டால் அளக்கப்படுவதே திறன். இலங்கையில் அதற்கு வலு என்று பெயர். இக்கருவி உண்மையிலேயே வாட்டை அளப்பதால் தமிழ்நாட்டில் அப்பெயர் தற்செயலாகப் பொருந்திவிடுகிறது, இலங்கையில் பொருந்தாது. அங்குள்ள நண்பர்கள் ‘வலு நிலைமிதி’யை ஏற்பார்களா என்று அறிய விரும்புகிறேன்.