'ஆங்கிலம் கற்பவர்' பட்டியலிலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். கலிஃபோர்னியாவில் அரசுப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரிடம் ஓர் உதவி.

மகள் ஐந்தாம் வகுப்பு. கிண்டர்கார்டனில் சேர்த்தபோது வீட்டு மொழிப் படிவத்தில் தமிழ் என்று எழுதினோம். உடனே எல்பாக் (ELPAC) என்ற மாநில ஆங்கிலத் திறன் தேர்வு, கூடுதல் ஆங்கிலப் பாடம் தேவைப்படும் 'ஆங்கிலம் கற்பவர்' என்ற முத்திரை. இப்போது தங்கையோடு அவள் சண்டை போடுவதே ஆங்கிலத்தில்தான்!

போன எல்பாக்கில் ஒட்டுமொத்தமாக மிக உயர்ந்த நிலையான 4 வந்துவிட்டது. பட்டியலிலிருந்து எடுக்க அது மட்டும் போதாதாம். ஆசிரியர் மதிப்பீடு, பெற்றோர் கருத்து, ஆங்கிலமே பேசி வளர்ந்த அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடும் அடிப்படைத் திறன் மதிப்பெண் எல்லாம் வேண்டும். வகுப்பாசிரியர் சம்மதம் சொல்லிவிட்டார். கடைசி விஷயத்துக்கு எந்தத் தேர்வை எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டால், இங்குள்ள பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி மாவட்ட அலுவலகத்திலிருந்து பதிலே இல்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்து பள்ளிகளை இணைக்கும் பேச்சு நடக்கிறது. எங்கள் மின்னஞ்சலை யார் பார்க்கப்போகிறார்கள்?

இந்த ஏற்பாட்டையே குறை சொல்லவில்லை. 1974இல் சான் ஃபிரான்சிஸ்கோ சீனக் குடும்பங்கள் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் வாங்கிய உரிமை, ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்குப் பள்ளியில் மொழி உதவி. தேவைப்படும் பிள்ளைகள் எங்கள் வகுப்பிலேயே உண்டு. ஆனால் ஆறாம் வகுப்பில் இந்தக் கூடுதல் ஆங்கிலப் பாடம் அவளுடைய இசை வகுப்பு நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் கவலை.

உங்கள் மாவட்டத்தில் எந்தத் தேர்வு மதிப்பெண்ணை ஏற்றார்கள்? பள்ளியின் எலாக் (ELAC) என்ற, ஆங்கிலம் கற்பவர்களுக்கான பெற்றோர் ஆலோசனைக் குழுவில் பேசினால் வேலை நடக்குமா, நேரே பிரின்சிபாலுக்கு எழுதுவது மேலா? எழுதிய கடிதத்தின் மாதிரி இருந்தால், பெயர்களை எடுத்துவிட்டு அனுப்புங்களேன்.