புதுப்பிப்பு: பின்னறைக்கும் வைஃபை வந்துவிட்டது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். குறை ரௌட்டரில் இல்லை, அது இருந்த இடத்தில்தான். அம்மாவின் இரும்பு அலமாரியை ஒட்டி வைத்திருந்தோம். இரும்பு அலையை மறித்துவிடும். நடுக்கூடத்தில் உயரமாகப் பலகை அடித்து ஏற்றியதும் சமையற்கட்டு வரை சரியாகிவிட்டது.

பின்னறைக்குக் குறுக்கே இரண்டு செங்கல் சுவர்கள். ரௌட்டர் அனுப்பும் இரண்டு அலைவரிசைகளில் 5 கிகாஹெர்ட்ஸ் அங்கே துவண்டுவிடுகிறது, 2.4 போய்ச் சேர்கிறது, வேகம்தான் குறைவு. கேபிள் இழுக்கச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி! கூரைக்கடியில் இழுத்து, பழைய ரௌட்டரை அந்த முனையில் மாட்டி, அதன் டிஎச்சிபியை, அதாவது கருவிகளுக்கு முகவரி வழங்கும் வேலையை, அணைத்தேன்; அதை முதல் ரௌட்டரே பார்த்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றோடொன்று மோதாமலிருக்க, 2.4-இல் ஒரு ரௌட்டருக்குச் சேனல் 1, மற்றதற்கு 11.

இதுவரை வாசற்படியில் கொசுவர்த்தி ஏற்றிவைத்துப் படித்த தங்கை, நேற்றிரவு தன் மேசையிலேயே இணைய வகுப்பை முடித்தாள்.