பொருள்: ‘பட்டி காப்’ படங்களுக்கு ‘இணைக்காவலர்’ சரிதானா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

ஒத்துப்போகாத இருவர் ஜோடியாகச் சேர்ந்து துப்பு துலக்கும் போலீஸ் படங்களை ஆங்கிலத்தில் ‘பட்டி காப்’ (buddy cop) என்கிறார்கள். அதை அப்படியே எழுதினால் ஏதோ பட்டிக்காட்டுப் படம் என்று நினைத்துவிடுவார்கள். அதனால் தமிழ்ச்சொல் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் சினிமாச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் பேச்சில் ஐயா தந்த ‘இணைக்காவலர் படம்’ எனக்கு ஒட்டவில்லை.

‘காவலர்’ என்றால் இங்கே வேலூரில் கான்ஸ்டபிள்தான். ஏட்டையாவையோ இன்ஸ்பெக்டரையோ யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘போலீஸ்’ எல்லாருக்கும் பொருந்தும், அதுவே இருக்கட்டும்.

பெரிய சிக்கல் ‘இணை’யில். அந்தச் சொல்லில் சமம் என்ற தொனி இருக்கிறது. இந்தப் படங்கள் ஓடுவதே இருவரும் ஏறுமாறாக இருப்பதால்தான். 1982இல் வந்த ‘48 ஹவர்ஸ்’ படத்தில் நிக் நோல்டே போலீஸ், எடி மர்ஃபி இரண்டு நாளைக்கு வெளியே அழைத்துவரப்பட்ட கைதி. அதிகாரம் வெள்ளையரிடம், சிரிக்கவைக்கும் வேலை கறுப்பரிடம். 1987இல் ‘லெத்தல் வெப்பன்’ அதைத் திருப்பிப் போட்டது: வீடு, குடும்பம், நிதானம் எல்லாம் கறுப்பரான டேனி குளோவருக்கு, எப்போது என்ன செய்வாரோ என்று பயப்பட வைப்பவர் வெள்ளையரான மெல் கிப்சன். 1998இன் ‘ரஷ் ஹவர்’ படத்தில் இருவருமே வெள்ளையர் இல்லை. ஜாக்கி சான் ஹாங்காங் போலீஸ், கிறிஸ் டக்கர் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ். 2013இன் ‘தி ஹீட்’ படத்தில் இருவரும் பெண்கள். ஆக, யார் யாரோடு முரண்படுகிறார் என்பதுதான் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. யாப்பில் ஏற்கெனவே முரண்தொடை (எதிரெதிர்ச் சொற்களைத் தொடுப்பது) இருக்கிறது. அங்கிருந்து எடுத்து ‘முரண்ஜோடிப் போலீஸ் படம்’ எனலாமா? ‘ஜோடி’ என்றாலே கதாநாயகன், கதாநாயகிதான் நினைவுக்கு வரும் என்பீர்கள். முன்னால் ‘முரண்’, பின்னால் ‘போலீஸ்’ நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது.

அப்புறம், ‘டோக்கனிசம்’, அதாவது சிறுபான்மையர் ஒருவரைப் பேருக்குச் சேர்த்துக் கணக்குக் காட்டுவது. அதற்குக் காட்பாடி அண்ணன் ‘அடையாளவாதம்’ என்று எழுதியிருந்தார். அடையாள அரசியலோடு குழம்பும். தெரு விளையாட்டில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்போமே, பொருள் கச்சிதமாக அதுதான். ஆனால் பிரதிநிதித்துவம் பேசும் கட்டுரையில் ‘சப்பாணி’ என்று மாற்றுத்திறனாளியை இளக்காரம் செய்யும் சொல் வந்தால் நாமே மாட்டிக்கொள்வோம். ‘ஒப்புச்சேர்ப்பு’ என்று வைத்தால் அந்த விளையாட்டின் வாசனையும் இருக்கும், இளக்காரமும் போய்விடும்.

நம் பக்கத்துக்கும் இந்தச் சொல் தேவை. வேலூரில் கடைத்தெருவில் நின்றாலே தக்கினி உருது காதில் விழும். சித்தூர் சாலையில் கொஞ்சம் போனால் தெலுங்கு. நம் படங்களிலோ உருது பேசுகிறவர் பெரும்பாலும் பிரியாணி கொடுக்கும் பாய், சேட்டு என்றால் ‘நம்பள் நிம்பள்’. துப்பு துலக்குகிற இருவரில் ஒருவராக அவர்களை எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம்? ‘ஒப்புச்சேர்ப்பு’க்கு விளக்கம் எழுதும்போது இந்தக் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளலாம்: அந்தப் பாத்திரத்தை எடுத்துவிட்டால் கதையில் ஏதாவது குறையுமா?

‘பிரதிநிதித்துவம்’ நீளம்தான். பத்திரிகைகளில் பழகிவிட்டது, தொடவேண்டாம் என்பது என் எண்ணம். ‘முரண்ஜோடி’க்கு மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்,
வேலூரிலிருந்து